நாதனுக்குக் கொடுத்த எலுமிச்சைத் தண்ணீர்

பெயர்: ரோசம்மா, காலஞ்சென்ற சூசையின் மனைவி. வயது: 54. தொழில்: பள்ளி கேண்டீனில் சமையல். முகவரி: டத்தோ கிராமாட், பினாங்கு.

இறந்துபோன நாதன் என் உடன்பிறந்த தம்பி. மனைவியை இழந்தவன். அவனும் மகள் சோஃபியாவும் என் வீட்டில்தான் இருந்தார்கள். சென்ற வருடம் குடலில் ரத்தம் கட்டியதால் அவனுடைய சிறுகுடலில் பெரும்பகுதியை வெட்டி எடுத்தார்கள். அதற்குமுன் குடிப்பான், அதன்பின் தொடவில்லை. இனிப்பு ஆகாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். வயிற்றால் போகும் என்பதற்காகச் சொல்கிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சோஃபியாவுக்குக் கோவிலில் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். பூசை முடிந்து வீட்டில் விருந்து வைத்தோம். பிள்ளை கையால் ஊட்டிய கேக்கை நாதன் மறுக்கவில்லை, மறுபடியும் வாங்கிக்கொண்டான், சீனிப்பாகில் கலக்கிய சிராப்பும் குடித்தான். அதன்பிறகு சாயங்காலம் அவனுக்கு நாக்குக் குழறியது, கால் தள்ளாடியது, நாற்காலியோடு சாய்ந்தான். என் கணவர் குடித்தே செத்தவர். குடிகாரனை எனக்கு யாரும் அடையாளம் காட்ட வேண்டியதில்லை. வந்தவர்கள் முன்னால் மானம் போனதே என்று ஆத்திரம் தாங்காமல் அவனை அறைக்குள் தள்ளி வெளியே தாழ்ப்பாள் போட்டேன்.

அதன்பிறகு போதை தெளியட்டும் என்று எலுமிச்சைத் தண்ணீரில் சீனி நிறையப் போட்டுக் கொண்டுபோனேன். அப்போது அவன், "அக்கா, நான் குடிக்கல லா. வாய மோந்து பாரு" என்றான். முகர்ந்து பார்த்தேன். வாடை இல்லை. வாடை வராத சரக்கு போலிருக்கிறது என்று எண்ணி, கிளாஸை அவன் வாயில் வைத்தேன். மறுக்காமல் குடித்தான். என் கணவருக்கு இதில்தான் தெளியும் என்பதால் இன்னும் கலக்கிக் கொடுத்தேன். அதன்பிறகு கதவைத் திறந்தபோது மூச்சு வேகமாக இரைத்தது, கூப்பிட்டதற்குக் கண் திறக்கவில்லை. ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். மறுநாள் இறந்தான்.

ரத்தத்தில் மது துளியும் இல்லை என்று டாக்டர் சொன்னார். குடல் குறைந்தவர்களுக்குச் சீனி செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய், அங்கே அமிலமாகி மூளையைத் தாக்குமாம். பார்க்கிறவர்களுக்குக் குடிவெறி மாதிரியே தெரியுமாம்.

அன்று வெள்ளை கவுனோடு அறை வாசலில் நின்ற சோஃபியா, அப்பாவுக்கு என்ன என்று என்னைக் கேட்டாள். "ஒங்கப்பன் குடிச்சிட்டான்" என்று நான்தான் சொன்னேன். அடக்கத்தின்போது அவள் பெட்டிக்கு அருகில் வரவில்லை. இப்போது நான் மாற்றிச் சொன்னால் நம்ப மறுக்கிறாள். அதனால், நாதன் குடிக்கவில்லை என்பதை இந்தப் போலீஸ் வாக்குமூலத்தில் எழுதும்படியும், அவளிடம் காட்ட ஒரு பிரதி தரும்படியும் கேட்டுக்கொண்டேன்.

எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. எல்லாம் உண்மை.

(ஒப்பம்) ரோசம்மா