பெரியவர் இரண்டு முறை இறந்த புத்தகம்

தலைமை ஏற்று வீற்றிருக்கும் கோவிந்தப்பன் ஐயா அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு அவசரமாய் வந்திருக்கும் அன்னையர்களே, முதல் ஷிப்ட் முடித்துச் சீருடையோடு வந்திருக்கும் சிப்காட் சொந்தங்களே, தெலுங்கில் சிந்தித்து, கன்னடத்தில் கதைபேசி, தமிழில் கைதட்டும் ஓசூர்ப் பெருமக்களே, மூக்கண்டப்பள்ளி வாசிப்பு வட்டத்தின் பெயரால் உங்களை வணங்குகிறேன்.

என் பெயர் மாதேஸ்வரி. மத்திகிரியில் வாடகை வீடு. உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலை. அளந்து பார்க்காமல் எதற்கும் 'ஓகே' போடாதவள் என்று பெயர் எடுத்தவள். அந்த நான்தான் இன்று ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்திருக்கிறேன்.

நம் வட்டத்தில் ஒரு நோட்டு உண்டு. புத்தகத்தை முடித்தவர் அதில் 'படித்தேன்' என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். இந்த ஆண்டு அறுநூறு பக்க நாவல் ஒன்றின் ஆறு பிரதிகளை வாங்கி, ஆறு பேர் எடுத்துக்கொண்டோம். முதல் பக்கத்தில் மூன்று தலைமுறை, இரண்டாம் பக்கத்தில் ஏழு பெயர்கள், மூன்றாம் பக்கத்தில் முற்றுப்புள்ளியே இல்லை. எடுத்தேன், இருபதில் விட்டேன். மறுபடி எடுத்தேன், மறுபடியும் இருபதிலேயே விட்டேன். நோட்டைத் திறந்தால் ஐந்து கையெழுத்து. நான் ஒருத்தி மட்டும்தான் மக்குப் பிறவியா? வெட்கப்பட்டேன். வெட்கத்தில் ஆறாவது கையெழுத்தைப் போட்டேன்.

பின்வரிசையில் சிரிக்கிறாரே ஜெயமணி அக்கா, சிரியுங்கள், உங்கள் கையெழுத்துக்கும் வருகிறேன்.

மறுவாரமே நம் வட்டத்தின் தலைவர் கோவிந்தப்பன் ஐயா அழைத்தார். "ஆண்டு விழாவுல அந்த நாவலப் பத்தி நீயே பேசிடும்மா" என்றார். ஊர் கூடிய சபையில் உளறிக்கொட்டப் போகிறேனா? வேறு வழியில்லை. கம்பெனி பஸ்ஸில் போகும்போது ஐந்து பக்கம், வரும்போது ஐந்து பக்கம். புரியாத வரியை உதடசைத்துப் படித்தேன். பெயர்களை உள்ளங்கையில் எழுதி வைத்துப் படித்தேன். நாற்பத்தொன்றாம் பக்கத்தில் கதையின் பெரியவர் இறந்தார். வருந்தினேன். தொடர்ந்து படித்தேன். அதே பெரியவர், அதே கட்டிலில், மறுபடியும் இறந்தார்.

பக்க எண்ணைப் பார்த்தேன். நாற்பத்தெட்டுக்குப் பிறகு மீண்டும் முப்பத்துமூன்று. பதினாறு பக்கங்கள் இரண்டு முறை. அடுத்த பதினாறு பக்கங்கள் காணவே காணோம். ஜெயமணி அக்காவின் பிரதியைப் புரட்டினேன். அதுவும் அப்படியே. தலைவர் வீட்டுக்கே போய் நின்றேன்.

"ஐயா, உங்க புத்தகத்துல அந்தப் பெரியவரு எத்தன தடவைங்க சாவுறாரு?"

ஐயா கண்ணாடியைக் கழற்றி நிதானமாய்த் துடைத்தார்.

"அவரு செத்தே போயிட்டாராம்மா?"

கைதட்டுங்கள், இதை மேடையில் சொல்லச் சொன்னவரே அவர்தான். ஆறு பிரதியிலும் அதே பிழை. ஆறு பேரும் கையெழுத்திட்டோம், கையெழுத்திட்ட அன்று ஒருவர்கூட அந்தப் பக்கம் வரை போயிருக்கவில்லை. அன்று நான் விட்ட பெருமூச்சு இருக்கிறதே, அதற்கு ஈடே கிடையாது. நான் மக்கும் அல்ல, தனியாளும் அல்ல.

பதிப்பகத்தார் வருத்தம் தெரிவித்து நல்ல பிரதிகளை அனுப்பினார்கள். அதன்பின் எல்லாம் எளிதாகிவிட்டதா? இல்லை. நூறு வரை நொந்தேன், நூற்றைம்பது வரை நகர்ந்தேன், நூற்று அறுபதில் நாவலின் அந்த ஏழு பேரும் என் தெருவில் குடிவந்துவிட்டார்கள். போன வியாழக்கிழமை, பஸ் என் நிறுத்தத்தில் நின்றபோது கடைசிப் பக்கம் மிச்சமிருந்தது. நான் இறங்கவில்லை. முடித்துவிட்டு, அடுத்த நிறுத்தத்திலிருந்து தூறலில் நடந்தே வீடு வந்தேன்.

பெருமக்களே, கடினமென்று கைவிடலாமா? பாதியில் பூட்டிவைக்கலாமா? புரியவில்லையா, புரியவில்லை என்று வெட்கமின்றிச் சொல்லுங்கள். சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்புங்கள்.

எங்கள் ஆறு கையெழுத்தையும் அடித்துவிட்டோம். ஐயா இப்போது இருநூற்றுப் பத்தில் இருக்கிறார். ஜெயமணி அக்கா எழுபதில். இதோ, உங்கள் முன்னிலையில், அடித்த பெயருக்குக் கீழே 'படித்தேன்' என்று எழுதுகிறேன். இந்த முறை அளந்து பார்த்துவிட்டுத்தான் போடுகிறேன்.

பேனா தந்த தலைவருக்கு நன்றி. சாட்சியாய் அமர்ந்திருந்த உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.