அறுக்கப் போகிற மாட்டுக்கும் வைத்தியம் பார்த்தவர்

கால்நடை வளர்ப்போர் சங்கத் தலைவர் அவர்களே, கால்நடை மருத்துவமனை நண்பர்களே, போட்டது போட்டபடி வந்திருக்கும் பண்ணைக்காரர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் டாக்டரம்மாவின் கணவர், நம் பேருந்து ஓட்டுநர் ஐயா அவர்களே! எல்லோருக்கும் என் கனத்த வணக்கம்.

நான் இறைச்சிக்கூடத்து ஆய்வாளர். மாட்டைப் பிழைக்க வைத்தவருக்கு, மாட்டை அறுக்கும் இடத்திலிருந்து ஒருவன் வந்து இரங்கல் பேசுவதா என்று சிலர் முணுமுணுப்பது காதில் விழுகிறது. விழட்டும். என்னைவிட அதிகமாக டாக்டரம்மாவிடம் திட்டு வாங்கியவர் இந்த அரங்கில் யார்? கை தூக்குங்கள், பார்ப்போம்!

"உப்பு டாக்டர்" என்று நாம் அவருக்குப் பெயர் வைத்தோமே, ஏன்? கழிச்சல் கண்ட மாட்டுக்கு உப்புத் தண்ணீர் கரைத்தால், முதல் வாயைத் தாமே குடித்துப் பார்ப்பார். கண்ணீரைவிடக் கரித்தால் வாளியோடு கவிழ்த்துவிடுவார். "நீங்க குடிப்பீங்களா இத?" என்று கரைத்தவரையே கேட்பார். குடல் நோய் பார்த்துப் பார்த்து அவர் கைப்பை முழுக்கச் சாண வாடை. "எங்க வீட்டுல சென்ட் செலவே கிடையாது" என்பார் ஓட்டுநர் ஐயா. சிரியுங்கள், தப்பில்லை. அந்த அம்மாவும் சிரிக்கிறவர்தான்.

அந்த நாளைச் சொல்கிறேன். அந்தப் பண்ணைக்கார அக்கா இங்கேதான் இருக்கிறார். கணவர் இறந்த பிறகு ஒரே ஒரு பண்ணையாளை வைத்துக்கொண்டு இளங்காளைகளை வளர்த்துக் கொண்டிருந்தவர். திடீரென்று கொட்டகை முழுக்க ரத்தக் கழிச்சல். என்னிடம் ஓடி வந்தார். "அண்ணே, சாகுறதுக்குள்ள எல்லாத்தையும் அறுத்துடுங்கண்ணே. இல்லேன்னா நானும் புள்ளைங்களும் நடுத்தெருவுலதான்!"

நோய் கண்ட மாட்டை நான் உள்ளே விடலாமா? அந்தக் கறியை யார் வீட்டுக் குழந்தை தின்பது? முடியாதும்மா என்றேன். அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன்.

வந்தார். ஒரு காளையின் கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டார். கிள்ளிய மடிப்பு அப்படியே நின்றது. கண்கள் குழி விழுந்திருந்தன, காதுகள் சில்லிட்டிருந்தன. தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்த்தார். காய்ந்து கிடந்தது.

"தண்ணி எங்க?"

"குடிச்சா இன்னும் கழியும்னு குழாய மூடிட்டோம் டாக்டர்" என்றார் பண்ணையாள்.

அம்மாடி, அவர் போட்ட சத்தம்! "குடல்ல இருக்குற தண்ணியெல்லாம் வெளிய போகுது. நீங்க உள்ள போற வழியையும் அடைச்சிட்டீங்களா?" பண்ணையாள் பதறி ஓடிக் குழாயை முழுசாகத் திறந்தார். அதற்கும் ஒரு திட்டு. "ஒரேயடியா குடிச்சா மூளை வீங்கிடும்யா! வாளியில கொஞ்சம் கொஞ்சமா காட்டுங்க." படுத்துவிட்டவற்றுக்குக் கழுத்து ரத்தக் குழாயில் சலைன் ஏற்றினார். நிற்பவற்றுக்கு வாய்வழியாகக் குழாய் விட்டு உப்புத் தண்ணீர் ஊற்றினார். சாணத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்த பிறகுதான் மருந்தையே எடுத்தார்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "எப்படியும் எங்கிட்ட வரப்போற மாடு. இதுக்கு எதுக்கும்மா இவ்வளவு பாடு?" என்று கேட்டு வைத்தேன்.

திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அறுக்குற அன்னிக்கு அது உங்க பொறுப்பு. இன்னிக்கு அதுக்கு வயிறு வலிக்குது. பாட்டில உயரமாப் பிடிங்க."

பிடித்தேன். கை மரத்துப் போகும்வரை பிடித்தேன்.

எல்லாம் பிழைத்தனவா? இல்லை. சில போய்விட்டன. ஆனால் பெரும்பாலானவை எழுந்தன. மருந்தின் தடம் உடம்பை விட்டுப் போகும்வரை ஒன்றைக்கூட அறுக்க விடவில்லை, புண்ணியவதி. நான் அவசரப்பட்டபோதெல்லாம் போனிலேயே வறுத்தெடுத்தார். அப்புறம் அந்தக் காளைகள் என் கூடத்துக்கு நடந்து வந்தன. இழுத்து வரவில்லை, தாமே நடந்து வந்தன! அக்காவின் கொட்டகை கைமாறாமல் இன்றைக்கும் அவர் கொட்டகையாகவே இருக்கிறது.

டாக்டரம்மா! எங்கள் சோற்றைக் காத்தீர்கள், நன்றி. சாகப் போகிற உயிருக்கும் அதுவரை நோகக் கூடாது என்று என் மரமண்டையில் ஏற்றினீர்கள், அதற்கும் நன்றி. உங்களை நினைத்தால் அழுகையைவிட நன்றிதான் முந்திக்கொண்டு வருகிறது.

கடைசியாக, டாக்டரம்மா வழியில் நடப்போம் என்ற உறுதிமொழியை நான் வாசிக்க வேண்டும் என்று தலைவர் சொல்லியிருக்கிறார். தலைவர் மன்னிக்க வேண்டும், நான் வாசிக்கப் போவதில்லை. மேடையில், டாக்டரம்மாவிடம் வேலை பழகிய நம் இளைய டாக்டரின் நாற்காலி காலியாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கூட்டம் தொடங்கும் நேரத்தில் பாலத்துக்கு அந்தப் பக்கத்துப் பண்ணையிலிருந்து போன் வந்தது. அங்கேயும் ரத்தக் கழிச்சல். இந்த நேரத்தில் எப்படிப் போவது என்று அவர் தயங்கி நின்றார். ஓட்டுநர் ஐயாதான் விரட்டினார்: "கிளம்புங்க தம்பி. அவ இருந்தா இங்க வந்து உக்காந்திருப்பாளா?"

சற்று முன் எனக்கு மறுபடி தகவல் வந்தது. மாடுகள் ஒவ்வொன்றாகப் படுக்கின்றனவாம், அங்கே ஆள் போதவில்லையாம். ஆகவே பேச்சை இத்தோடு நிறுத்துகிறேன். என் வண்டி வாசலில் நிற்கிறது. நல்ல சட்டை நாறுமே என்று கவலைப்படாதவர்கள் ஏறுங்கள். அக்கா, நீங்களும் வாருங்கள்.

ஐயா, நீங்கள் எங்கே எழுந்திருக்கிறீர்கள்? இன்றைக்கு ஒரு நாளாவது உட்காருங்கள் ஐயா. உங்களைத்தான்... கேட்க மாட்டீர்களா? சரி, இந்தாருங்கள் சாவி. நீங்களே ஓட்டுங்கள்.