செய்தியில் கதறிய தாய்

அம்மாக்களே, நேரங்கெட்ட நேரத்துல எழுதுறேன், மன்னிச்சுக்கோங்க. நிறைமதி இப்பதான் தூங்கினா. காலை வரைக்கும் இதை மனசுலேயே வெச்சிருக்க என்னால முடியல. முதல்ல ஒரு குட்டிக் கதை கேட்டுடுங்க. கதையில வர்றது வேற யாரும் இல்ல, நான்தான்.

நிறைமதிக்கு ரெண்டரை மாச ஊசி போட்ட அன்னிக்கு உடம்பு கொதிச்சுது. நான் என்ன பண்ணினேன்? இதே குரூப்புல, "ஊசி போட்டா காய்ச்சல் வருமா? பயமா இருக்கு"ன்னு கேட்டேன். மறுநாளே காய்ச்சல் விட்டுடுச்சு. நானும் மறந்துட்டேன்.

மூணு வாரம் போச்சு... உள்ளூர் கேபிள்ல செய்தி. கணீர்னு ஒரு குரல். "தடுப்பூசி போட்ட பச்சிளம் குழந்தைக்குக் கடும் காய்ச்சல்! செய்வதறியாது கதறும் தாய்! நகரில் பரபரப்பு!"

சோறு பிசைஞ்ச கை அப்படியே நின்னுடுச்சு. "ஐயோ, பாவம் அந்தப் பொண்ணு!"ன்னேன்.

"எந்தத் தெருவாம்?"னார் என் வீட்டுக்காரர்.

"தெருவா முக்கியம்? நியூஸ்லயே சொல்லிட்டாங்க!"

அவ்வளவுதான். மூன்றரை மாச ஊசிக்கு நான் போகல. உங்கள்ல ஒருத்தர்கூடப் போகல.

இன்னிக்குச் சாயங்காலம் ஊசி போடுற நர்ஸம்மா ஞானசுந்தரி என் வீட்டுக்கே வந்துட்டாங்க.

"ஏம்மா, படிச்ச பொண்ணு, நீயே வரலைன்னா எப்படி?"

"நியூஸ் பாக்கலையா மேடம்? ஒரு குழந்தைக்கு..."

"பாத்தேன். யார் குழந்தைன்னு கேபிள் ஆபீசுக்கே போய்க் கேட்டேன். யாரோ அனுப்பின மெசேஜ்னு போனை நீட்டினாங்க. என்ன இருந்துச்சு தெரியுமா? 'ஊசி போட்டா காய்ச்சல் வருமா? பயமா இருக்கு.' மேல உன் பேரு."

"நான்... நான் எங்க மேடம் கதறினேன்?"

"அதை அவங்ககிட்ட கேளு. அன்னிக்கே என்கிட்ட கேட்டிருந்தா, ஒண்ணு ரெண்டு நாள் இருக்கும், போயிடும்னு சொல்லியிருப்பேன்."

பாத்தீங்களா? என் பயம்தான்... ஊரைச் சுத்திட்டு, செய்தியாகி, என் வீட்டு டிவிக்கே வந்து நின்னுச்சு. நானே அதை நம்பினேன். எனக்காக நானே உச்சுக் கொட்டினேன்! எந்தக் குழந்தை, இப்போ எப்படி இருக்குன்னு அந்தக் குரல் சொல்லல. நாம ஏன் கேக்கல? கணீர்னு சொல்லிட்டா போதுமா நமக்கு? செய்தியில வந்த குழந்தை அந்த நேரத்துல எங்க இருந்தா தெரியுமா... என் மடியில. கைக் கட்டைவிரலை வாயில வெச்சுக்க முயற்சி பண்ணிட்டு, சிரிச்சிட்டு இருந்தா.

நாளன்னிக்கு, புதன்கிழமை, நர்ஸம்மா ஊசி போட நம்ம அங்கன்வாடிக்கு வர்றாங்க. ஒன்பது மாசப் பிள்ளைங்களுக்கான தட்டம்மை மருந்துக் குப்பியைத் திறந்துட்டா சில மணி நேரத்துக்குள்ள போட்டு முடிக்கணுமாம். அதனால எத்தனை பிள்ளைங்கன்னு அவங்களுக்கு முன்கூட்டியே தெரியணும். நான் நிறைமதியை, விட்டுப்போன மூன்றரை மாச ஊசிக்குத் தூக்கிட்டு வர்றேன். நீங்க வர்றீங்களா? சீக்கிரம் பதில் போடுங்க.