புகைபோக்கிக்குள் ஒரு கம்பிநார்

ஜேர்மனியின் வுப்பர்டால் நகரத் தொங்கு ரயிலில் என் பின் இருக்கையில் இரண்டு தமிழ்ப் பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். இளையவர்தான் தொடங்கினார்.

“எங்கட பழைய வீட்டுப் புகைபோக்கிக்குள்ள சில்வர் குழாய் இருக்கெல்லே அக்கா. இவர் அதைச் சட்டி மாதிரி மினுக்கிறன் எண்டு, சவர்க்காரம் போட்ட கம்பிநாரைக் கயிற்றில கட்டி இறக்கினவர். கயிறு அறுந்து நடுவில சிக்கிப்போச்சு.”

“தடியால தள்ளிப் பாத்தனீங்களோ?”

“ஏலாது. நாளைக்குப் புகைபோக்கி பாக்கிறவர் வாறார். கண்டாரெண்டால் அடுப்பு மூட்ட விடமாட்டார். குளிருக்கு எங்களுக்கு அந்த அடுப்புத்தான்.”

“காகம் கூடு கட்டினதெண்டு சொல்லுங்கோ. அவரே எடுத்து விடுவார்.”

“கூடு எலுமிச்சம்பழ வாசம் அடிக்குதே அக்கா.”

மூத்தவர் அடுத்த நிறுத்தம் வரை யோசித்தார்.

“ஜேர்மன் காகமெல்லோ. சுத்தமாத்தான் கட்டும்.”