செல்லம்மாளுக்கு ஒரு பேனர்

– பேனருக்கு இந்தப் போட்டோ நல்லாத்தான் இருக்குதுங்க ஆயா. எப்பத் தவறுனாங்க?

– இன்னும் இல்ல.

– என்னங்க?

– சாகல கண்ணு. இதா, உம்முன்னால குந்தியிருக்கறனே... நாந்தான் அது.

– காலங்காத்தால வெளையாடாதீங்க ஆயா.

– வெளையாடறதுக்கா கம்பை ஊனிக்கிட்டு கடத்தூருக்கு பஸ் ஏறி வந்தேன்? கண்ணீர் அஞ்சலின்னு போடு. செல்லம்மாள்னு பெருசாப் போடு.

– தேதிக்கு என்னத்தங்க போடறது?

– அதை வெறுமனே வுடு. தை தாண்டாதுன்னு டாக்டரு எம்மவங்கிட்டச் சொன்னாரு. நான் தூங்கறன்னு நெனச்சுக்கிட்டு.

– ...பயமா இல்லீங்களா?

– சாவுக்கா? அவம்பாட்டுக்கு ஆதார் கார்டு போட்டோவைப் போட்டுருவானே, அதுக்குத்தான் பயம். எங்கூட்டுக்காரருக்கு அப்பிடித்தான் போட்டான். கோழி திருடுனவராட்டம் முழிச்சுக்கிட்டு நின்னாரு.

– நீங்க வேற... சரி, கீழ யாரு யாரு பேருங்க?

– மவன் அருள்குமார். மருமவ எழிலரசி. அவங்களுக்கு மேல, மொதப் பேரா... மவ கலைமணி.

– கலைமணிங்களா?

– ஆமா. ஏங் கண்ணு, கை நின்னு போச்சு?

– மவன் பேரு போதுமுங்க. எடம் பத்தாது.

– இம்மாம்பெரிய பேனர்லயா?

– இல்லீங்க... அருள்குமார் அண்ணனை ஒருவாட்டி கேட்டுட்டு...

– நான் சாகறதுக்கு அவனை எதுக்குக் கேக்கோணும்? அவ மூத்தவ. இந்தக் கடத்தூர்லதான் கட்டிக் குடுத்தது. இப்பப் பெங்களூர்ல வேலையாம், லீவு இல்லையாம், மவன் சொல்றான். பெத்தவ செத்தாக்கூட வர மாட்டாளா?

– ஆயா... அந்தப் பேரை என்னால அடிக்க முடியாதுங்க.

– ஏன்?

– அந்த அக்காவுக்கு ஆடியில நாந்தாங்க கண்ணீர் அஞ்சலி பேனர் அடிச்சேன். உங்க மவன்தான் வந்து குடுத்தாரு. அம்மாவுக்கு நெஞ்சு வீக்கு, காதுக்குப் போவக்கூடாதுன்னாரு... ஆயா? ஐயோ, தண்ணி குடிங்க... ஆயா...

– தெரியும் கண்ணு. நீ மொதல்ல உக்காரு. எங்கூரு ராமக்கா எங்கிருந்தோ ஒரு பழைய பேனரைக் கொண்டாந்து ஆட்டுக் கொட்டாய் மேல போத்தியிருக்கறா. மூஞ்சிப் பக்கம் காத்துல கிழிஞ்சு போச்சு. கண்ணீர் அஞ்சலிங்கறதும், எம்மவ பேரும், அடியில உங்கடைப் பேருந்தான் மிச்சம். நான் தாங்க மாட்டேன்னு எங்கண்ணுல காட்டாமயே பொதச்சிட்டாங்க... உங் கம்ப்யூட்டர்ல அவ போட்டோ இருக்குமில்ல? எடு கண்ணு. மூஞ்சி பாத்துட்டுப் போறன்.