ரேடியோ வாங்காத பண்ணை

முதலில் டீயைக் குடியுங்கள் சார். ஆறினால் ஆடை படிந்துவிடும். நம் பண்ணைப் பால் அவ்வளவு கெட்டி. வண்டியை நிறுத்திவிட்டு வரும்போது ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தீர்களே, நல்ல குரல். வாசலில் கட்டியிருந்த கன்றுக்குட்டிகூடத் தலையைத் தூக்கிப் பார்த்தது.

என் மைத்துனனைக் காணவில்லை என்று என் மனைவி புகார் கொடுத்திருக்கிறாள் என்கிறீர்கள். கொடுக்கட்டும், கூடப்பிறந்த பாசம். அவன் இங்கேதான் இருக்கிறான். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறான், வெயில் படாமல் நிறமாகக்கூட ஆகியிருக்கிறான். எப்படி இங்கே தங்கினான் என்பதை மட்டும் என் போக்கில் சொல்லவிடுங்கள்.

நான் லிஃப்ட் ஓட்டியவன். பெரிய துணிக்கடை ஒன்றில் மேலே போனேன், கீழே வந்தேன். வேலைக்காலம் முழுக்க ஒரு அடி முன்னால் போனதில்லை. ஓய்வு பெற்ற அன்று எனக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது: தட்டையாக, நீளமாக, என் பெயரில் கொஞ்சம் தரை.

தரகர் காட்டிய முதல் நிலத்தில் தண்ணீர் இல்லை. "மழை பெஞ்சா இருக்கும்" என்றார். மழை பெய்தால் என் சொட்டைத் தலையிலும்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்ததில் தண்ணீர் மட்டும்தான் இருந்தது, நிலத்தைக் காணோம். பிறகு இது அமைந்தது. நல்ல கிணறு, புல் வளர்கிற மண், கொட்டகை போட மேடு. பத்திரம் முடிந்த அன்று நான் மேற்குப் பக்கம் பார்த்து நடக்க ஆரம்பித்தேன். மைத்துனன் பின்னாலேயே ஓடி வந்தான்.

"அத்தான், எங்க போறீங்க?"

"முன்னாடி போறேன் மாப்ளே."

"முன்னாடி என்ன இருக்கு?"

"தெரியல. அதான் போறேன்."

வேலி தடுக்கும்வரை போனேன். வேலியைத் தொட்டுவிட்டுச் சிரித்தேன் பாருங்கள், ஒரு கொக்குக் கூட்டம் எழுந்து பறந்தது. அப்படி ஒரு சந்தோஷம் கல்யாணத்தன்றுகூட எனக்கு வந்ததில்லை. இதை என் மனைவியிடம் சொல்ல வேண்டாம். அவள் சாணி வாசனை ஆகாது என்று டவுன் வீட்டிலேயே இருந்துகொண்டாள்.

சாமான்கள் வாங்கியதில் நான் குறை வைக்கவில்லை. மாடு படுக்கிற ரப்பர் பாயில் கடையிலேயே படுத்துப் புரண்டு பார்த்தேன். ஒரு தூக்கமும் போட்டேன். மூக்கால் அழுத்தினால் தானாகத் தண்ணீர் ஊறும் கிண்ணத்தை நானே மூக்கை வைத்து அழுத்திப் பார்த்துத்தான் வாங்கினேன். கடைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார். மின்விசிறி, தூவானம் போல நீர் தெளிக்கும் குழாய், புல் வெட்டும் எந்திரம் எல்லாம் வந்து இறங்கின. கடைசியாகப் பால் கறக்கும் மெஷின் வந்தது. அதைப் பொருத்திய மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே ஒன்று சொன்னார்.

"ஒரு ரேடியோ வாங்கி வச்சிடுங்க பெரியவரே. மொத நாள் எந்தச் சத்தத்தோட பழகுதோ, அதக் கேட்டாத்தான் மாடு கடைசிவரைக்கும் பால விடும்."

எங்கள் வீட்டு ஆள் ஒருவன் சும்மா நிற்கும்போது ரேடியோ எதற்கு? "மாப்ளே, நீ பாடு" என்றேன்.

அவன் மேடைப் பாடகன். அதாவது மேடை ஏறுவான், பாடுவான், கூட்டம் சாப்பிடப் போய்விடும். ஆனால் எங்கள் மாடுகளுக்கு அந்தக் குரல் எப்படியோ பிடித்துவிட்டது. எல்லாவற்றுக்கும் மூத்த மாடு ஒன்று, என்ன வைத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதற்கு மாமியார் என்று பெயர் வைத்திருந்தேன்.

"எங்கம்மாவத்தான சொல்றீங்க அத்தான்?"

"மாட்டச் சொன்னேன் மாப்ளே."

அந்த மாமியாரே இவன் வாயைத் திறந்ததும் கண்ணை மூடிக்கொண்டு பாலைக் கொட்டியது. கேன் நிரம்பி, பக்கத்துக் கேன் நிரம்பி, நான் குடிக்க வைத்திருந்த சொம்பும் நிரம்பியது. பால் வண்டிக்காரர் கிணற்றைக் காட்டி, "இதையும் கலக்குறீங்களா?" என்று கேட்டார். பாலில் விரலைவிட்டுப் பார்த்த பிறகு மன்னிப்புக் கேட்டார். நான் கொட்டகைக்கும் வேலிக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். கால் தரையில் பட்டதாக நினைவில்லை.

அப்போதுதான் அவனுக்குக் கல்யாணம் கூடிவந்தது. தூரத்து நகரத்தில் தையல் கடை வைத்திருக்கும் பெண். அங்கேயே வந்து இருந்துவிடும்படி சொல்லியிருந்தாள். அவனும் சட்டையெல்லாம் மடித்துவைத்துவிட்டான்.

நான் எல்லா வழியும் பார்த்தேன் சார். அவன் பாட்டைச் செல்போனில் பதிந்து போட்டுக் காட்டினேன். மாமியார் ஒரே உதையில் செல்போனைச் சாணிக்குழிக்கு அனுப்பியது. நானே பாடினேன். ஒரு மாடு படுத்தேவிட்டது. மற்றவை பாலை அடக்கிக்கொண்டு கத்தின. மடி கட்டி நிற்கிற மாட்டின் கண்ணை நீங்கள் பார்த்ததில்லை. எனக்கு இளகிய மனசு.

கிளம்புகிற அன்று, "கடைசியா ஒரு பாட்டுப் பாடிட்டுப் போ மாப்ளே" என்றேன். பாடினான். பாடி முடிப்பதற்குள் தீவன அறைப் பக்கத்துக் கதவைச் சாத்தினேன். பூட்டினேன் என்று சொல்ல மாட்டேன். பூட்டு பழசு, கதவைச் சாத்தினாலே தானாகப் பூட்டிக்கொள்ளும். சாவி என் இடுப்பில் இருந்தது, அது உண்மை.

முதலில் கொஞ்சம் முரண்டு பிடித்தான். புது மாடும் அப்படித்தான். கடையிலிருந்து வந்த, மாடு கம்பிக்கு நடுவில் தலையை நுழைத்து நிற்கிற கட்டுத்தறி வரிசையில் ஓர் இடம் காலியாக இருந்தது. ரப்பர் பாய், விசிறி, தண்ணீர்க் கிண்ணம் எல்லாம் இருந்தன. சொம்பில் தண்ணீர் கொடுத்தால் என் மேலேயே எறிந்தான், அதனால் சொம்பை நிறுத்திவிட்டேன். தாகம் எடுத்ததும் கிண்ணத்தை மூக்கால் அழுத்தப் பழகிக்கொண்டான். நான் கடையில் பழக எடுத்துக்கொண்ட நேரத்தைவிடக் குறைவு. கெட்டிக்காரன்.

"அத்தான், நான் மனுசன் அத்தான்" என்பான்.

"யார் இல்லேன்னா? நீ பாடு."

கழுத்துக்குப் பட்டை போட்டது அவன் நன்மைக்குத்தான். வெளியே சாணிக்குழி ஆழம். இன்சூரன்ஸ்காரர்கள் வந்து மாடுகளுக்குக் காதில் மஞ்சள் அட்டை குத்தினார்கள். அன்று அவனை உள்ளறைக்கு மாற்றி, வாயில் துணி வைத்திருந்தேன். அவர்கள் போன பிறகு பார்த்தால் ஓர் அட்டை மிச்சம், குத்துகிற இடுக்கியையும் மறந்துவிட்டுப் போயிருந்தார்கள். பொருள் வீணாவது எனக்குப் பிடிக்காது. அவன் காது இரண்டு நாள் வீங்கியது. மாமியாருக்குத் தடவுகிற அதே மருந்தைத்தான் தடவினேன், பாரபட்சம் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அவன் 'அத்தான்' என்று கூப்பிடுவதை விட்டுவிட்டான். பேச்சே குறைந்து, பாட்டு மட்டும் மிஞ்சியது. அந்த வாரம் பால் இன்னும் ஏறியது.

இதையெல்லாம் இன்றைக்கு ஏன் மறைக்காமல் சொல்கிறேன் என்று பார்க்கிறீர்கள். காலையில் அவன் தொண்டை போய்விட்டது சார். காற்றுதான் வருகிறது. தேன் கொடுத்தேன், வெந்நீர் கொடுத்தேன், ஒன்றும் நடக்கவில்லை. பட்டையைக் கழற்றிவிட்டு, "போ மாப்ளே, அந்தப் பொண்ணு காத்திருக்கும்" என்றேன். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. கதவு மத்தியானம் வரைக்கும் திறந்தே கிடந்தது. அவன் போகவில்லை. கறவை நேரம் வந்ததும் எழுந்து, தானாகவே தன் இடத்தில் போய் நின்று, கம்பிக்கு நடுவில் தலையைக் கொடுத்தான். எட்டிப் பாருங்கள், இப்போதும் நிற்கிறான். இழுத்துப் பார்த்தேன், கண் கலங்குகிறது, நகர மாட்டேன் என்கிறான். பாசம்தான், வேறென்ன. நிலம் யாரை விட்டது?

மாடுகள் கத்துவது உங்களுக்கும் கேட்கிறது. காலையிலிருந்து ஒரு சொட்டு விடவில்லை. ஆனால் நீங்கள் வாசலில் முணுமுணுத்தபோது மாமியார் கத்துவதை நிறுத்திவிட்டுக் காதைத் திருப்பியது சார். நான் பார்த்தேன். எனக்குப் பழையபடி கால் தரையில் படவில்லை.

தலை சுற்றுகிறதா? டீயில் கொஞ்சம் கலந்தேன், கால்நடை டாக்டர் முரட்டு மாட்டுக்குக் கொடுப்பது. அந்தக் கதவா? சாத்திவிட்டுத்தான் வந்தேன், பூட்டு பழசு. இப்படிச் சாய்ந்துகொள்ளுங்கள், பாய் புதுசு, நான் படுத்துப் பார்த்து வாங்கியது. எதற்கு அப்படிப் பார்க்கிறீர்கள்? என் கொட்டகையில் கட்டிய மாட்டுக்கு இதுவரை நான் ஒரு கெடுதல் செய்திருக்கிறேனா?