ஐந்து வெள்ளிப் பூண்கள்

அவைத் தலைவர் திரு. ஜெயராஜ் அவர்களே, பொருளாளர் திரு. கன்னையா அவர்களே, கிள்ளானிலிருந்து ரயிலேறி வந்திருக்கும் வர்த்தக அன்பர்கள் இருவருக்கும், முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கிரிகரியின் மனைவி, தங்கை மகதலேனாவுக்கும், பிரிக்பீல்ட்ஸ் குடியிருப்புப் பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் என் வணக்கம். வாத்திய சபையின் காரியதரிசி என்ற முறையில் சபாபதியாகிய என்னைப் பேசச் சொன்னார்கள். நானும் எழுதி வந்தேன். "இசைமணி கிரிகரி அவர்கள் மறைந்தார், இசை அழுகிறது" என்று தொடங்கும் காகிதம். அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டேன். அந்தப் பேச்சுக்கு எனக்கு யோக்கியதை இல்லை.

கிரிகரி யார்? ரயில்வே பட்டறையில் மரம் கடைந்தவர். வேலை விட்டால் புல்லாங்குழல். மூங்கில் குழல் அல்ல, வெள்ளைக்காரர்கள் ஒரு காலத்தில் கடைந்த பழைய மரக்குழல். ஊர் திரும்பிய ஒரு துரையின் வீட்டுச் சாமான்களைக் கிள்ளானில் ஏலம் விட்டபோது இரண்டு குழல்கள் வந்தன. ஒன்றில் தந்த வளையம், துளைகளை மூடும் வெள்ளிச் சாவிகள், வாய்ப்பக்கம் பூ வேலை. அதற்கு அடிதடி! மற்றது மஞ்சள் மரத்தில் வழவழவென்று, ஒரே ஒரு பித்தளைச் சாவியோடு கிடந்தது. யாரும் சீண்டவில்லை. கிரிகரி அதை வேட்டித் துண்டில் சுற்றி எடுத்து வந்தார். நூறு வயதுக் குழல் என்று பிறகு அவரே சொன்னார்.

அந்தக் குழல் என்ன செய்தது? அதோ, தூணருகே அமர்ந்திருக்கும் வீரம்மாவைக் கேளுங்கள். முப்பதாம் ஆண்டு வியாபார மந்தத்தில் டெங்கில் ரப்பர் தோட்டத்தில் வேலைச் சீட்டுக் கிழிக்கப்பட்டு, இங்கே ஒரு கொட்டகையில் ஒண்டியிருந்தபோது அவர் கணவர் இறந்தார். தூக்க நாலு பேர். அவ்வளவுதான். பட்டறையிலிருந்து எண்ணெய்க் கறைச் சட்டையோடு வந்தார் கிரிகரி. பாடைக்கு முன்னால் நடந்தபடி ஊதினார். ஒரு ஜன்னல் திறந்தது. இன்னொன்று திறந்தது. யார் வீட்டுச் சாவு என்று கேட்டுக்கொண்டே ஆட்கள் வந்தார்கள். ரயில்வே கேட்டைத் தாண்டும்போது பின்னால் நாற்பது பேர்! கோயில்காரர் வீடா, வேதக்காரர் வீடா என்று அவர் பார்த்ததுண்டா? நாம் கூப்பிட்டு வராமல் இருந்ததுண்டா?

அப்படிப்பட்டவருக்கு நாம் என்ன செய்தோம்?

சபையின் இருபதாம் ஆண்டு விழாவில் அவரைக் கௌரவிக்க வேண்டும் என்றோம். குழலுக்கு வெள்ளிப் பூண் போடலாம் என்று முன்மொழிந்தவன் நான். மேடையில் அந்த மொட்டைக் குழலைப் பார்த்தால் சபைக்கே வறுமை போல இருக்கிறது என்றேன். கிரிகரி எழுந்தார். அவர் சொன்னது என் காதில் இன்னும் இருக்கிறது.

"வேணாம் அண்ணே. வேலைப்பாடு உள்ளது மட்டம்னு நான் சொல்லலை. அந்தத் தந்த வளையக் குழலையும் நான்தானே ரிப்பேர் பண்ணிக் கொடுத்தேன், அழகான சாமான். ஆனா செஞ்சவன் அதுக்கு எங்கே பூண் வேணும்னு பார்த்துப் போட்டிருக்கான். இதுக்கு வேணாம்னு விட்டிருக்கான். நாம எதுக்குக் கை வைக்கணும்?"

நாம் என்ன செய்தோம்? கை தட்டினோம்! தன்னடக்கம் என்றோம்! மரம் கடைந்த மனிதன் மரத்தைப் பற்றிச் சொன்னதை நாம் மரியாதைப் பேச்சாக எடுத்துக்கொண்டோம்.

பிறகு அவர் நெஞ்சுச் சளியோடு ஆஸ்பத்திரியில் படுத்தார். நான் மகதலேனாவிடம் போனேன். "சும்மா துடைச்சு வைக்கிறோம் தங்கச்சி" என்று பொய் சொல்லிக் குழலை வாங்கினேன். வெள்ளி வேலை ஆசாரி தயங்கினார். "சூடு பட்டா பழைய மரம் தாங்காதுங்க, ஆணியும் அடிக்கணும்" என்றார். "போடுங்க லா, நாங்க பார்த்துக்கிறோம்" என்றவன் நான். ஐந்து பூண்கள். ஒவ்வொன்றிலும் 'உபயம்' என்று பொறித்து ஒரு பெயர். என் பெயர், தலைவர் பெயர், பொருளாளர் பெயர், கிள்ளான் அன்பர்கள் பெயர். கிரிகரியின் பெயருக்கு இடமில்லாமல் போயிற்று.

விழாவில் பொன்னாடை போர்த்திக் கொடுத்தோம். வாயில் வைத்தார். காற்றுதான் வந்தது. மறுபடி ஊதினார். காற்றுதான். உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று நீங்கள் கை தட்டினீர்கள். நான் பக்கத்தில் நின்றேன். ஆணி வரிசையில் நெடுக ஓடிய விரிசலைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். "நல்லா பளபளன்னு இருக்கு அண்ணே" என்றார்.

போன மாதம் அவரை எடுத்தோம். முந்நூறு பேர் நடந்தோம். நாற்பது பேரை வரவழைத்த குழல் அந்த ஊர்வலத்தில் இல்லை. செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. என் ஆயுசுக்கும் அது போதும்.

நேற்று மகதலேனாவிடம் கேட்டேன்: "கடைசல் வேலை தெரிஞ்ச மனுஷன், அந்தப் பூண்களைக் கழட்டி விரிசலை அடைச்சிருக்கலாமே? ஒரு மணி நேர வேலையாச்சே!" அவர் சொன்னார்: "நானும் சொன்னேன் அண்ணே. கேட்கலை. 'பேர் போட்டுக் கொடுத்திருக்காங்க மகதலேனா, கழட்டினா அவங்க மனசு நோகும்'னு பெட்டியில வெச்சுட்டாரு. சில நாள் எடுத்து வெறுமனே விரல் வெச்சுப் பார்ப்பாரு."

கேட்டீர்களா? நம் மனசு நோகுமாம்! நமக்காக அவர் வாயை மூடிக்கொண்டார். எனக்கு வெட்கமாக இருக்கிறது. துக்கத்தைவிட வெட்கம்தான் அதிகம்.

இன்றைய தீர்மானம் என்ன? குழலை வெள்ளிப் பேழையில் வைத்து, நன்கொடையாளர் பெயர்களைப் பொறித்துச் சபையில் வைப்பதாம். நான் எதிர்க்கிறேன். காரியதரிசிப் பதவி போனாலும் எதிர்க்கிறேன். இந்தக் குழல் பட்டறைக்குப் போகும். அவரோடு வேலை பார்த்தவர்கள் விரிசலை அடைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பழைய நாதம் வராதாம். வருகிற நாதம் போதும். இந்தக் குடியிருப்பில் இனி எந்த வீட்டில் சாவு விழுந்தாலும், தூக்க நாலே பேர் இருந்தாலும், சபையிலிருந்து ஒருவர் இதை ஊதிக்கொண்டு முன்னால் நடப்பார். யாருக்கும் சரியாக ஊதத் தெரியாவிட்டால் நான் கற்றுக்கொண்டு ஊதுகிறேன். இது என் சத்தியம்.

அடுத்ததாக மௌன அஞ்சலி என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருக்கிறது. வேண்டாம் ஐயா! அந்த மௌனத்தை அவருக்கு நாம் ஏற்கெனவே கொடுத்துவிட்டோம்.

இதோ குழல். இதோ குறடு. முதல் பூணில் 'உபயம் சபாபதி' என்று இருக்கிறது. ஆணியைப் பிடுங்குகிறேன்... வந்துவிட்டது. இரண்டாவது தங்களுடையது, தலைவர் அவர்களே. எழுந்து வாருங்கள். மெதுவாகப் பிடியுங்கள், மரம் விரிசல் விட்டிருக்கிறது.